ஜன்னலோரத்து ஈந்து

கூத்துப்பறம்பு
9 மார்ச் 1986

அன்புள்ள தம்பி பவித்ரனுக்கு, ஏச்சி ரோகிணி எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க முத்தப்பன் துணை. மஸ்கட்டில் வெயில் ஆரம்பித்திருக்கும். தொப்பி இல்லாமல் தோட்டத்தில் நிற்காதே.

உன் அத்தான் அச்சுவேட்டன் தென்னையிலிருந்து விழுந்து இந்த மாதத்தோடு ஒன்றரை வருடம். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. போன வாரம் நாணுவைப் பிடித்து வைத்துக்கொண்டு, "முப்பது வருஷம் முத்தப்பனுக்குக் கள்ளு வச்சுக் கும்பிட்டேன். மரத்துல இருந்து தள்ளியும் விட்டுட்டு, ஒரு நாயை அனுப்பி சமாதானம் பேசறார் பாரு!" என்றார். பாண்டனைத்தான் சொல்கிறார். நீ பார்த்திருக்கிறாயே, விழுந்த எட்டாம் நாள் எங்கிருந்தோ வந்து கட்டிலுக்கு அடியில் படுத்த கறுப்பு வெள்ளை நாய். முத்தப்பன் சந்நிதியில் முதல் பங்கு நாய்க்குத்தானே. இந்த வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. அவர் கையால் ஒரு உருண்டை பாண்டனுக்குப் போட்ட பிறகுதான் தன் வாயில் வைக்கிறார்.

இப்போது ஒரு சந்தேகம். நீ லீவில் வந்தபோது மங்களூரில் வாங்கி வந்த தொட்டிச் செடியை அவர் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். மரத்து உச்சியிலேயே வாழ்ந்த மனுஷன். இன்றைக்கு அவர் கண்ணுக்கு எட்டுகிற ஓலை அது ஒன்றுதான். நம் மிருக ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நாணு அதைப் பார்த்துவிட்டு, "ஏச்சி, இது நாய் இருக்கிற வீட்ல ஆகாது. கடிச்சா போச்சு" என்கிறார். நீ செடிகளோடு பிழைக்கிறவன். வைக்கலாமா, கூடாதா, நீயே சொல். எடுத்துவிடு என்றால் அச்சுவேட்டனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் ஏச்சி,
ரோகிணி

---

மஸ்கட்
27 மார்ச் 1986

பிரியமுள்ள ஏச்சிக்கு, தம்பி பவித்ரன் வணக்கம். நான் சுகம். தொப்பி இருக்கிறது, போடுவதுதான் இல்லை. அச்சுவேட்டனின் வாய் நன்றாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. அது போதும், மனுஷன் நூறு வயது இருப்பார்.

கம்பவுண்டர் நாணுவா சொன்னார்? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் கால் வைத்தியன். மாட்டுக்கு ஊசி போடப் போய்த் தன் தொடையில் போட்டுக்கொண்டவர்தானே!

ஏச்சி, அது என்ன செடி என்று உற்றுப் பாருங்கள். நம் காட்டு ஈந்து மரத்தின் சீமைப் பங்காளி அது. ஓலை ஒன்று, தண்டு ஒன்று, குருத்து விரிகிற சுருள்கூட ஒன்று. அரிசி கிடைக்காத அந்த வருடம் நாம் எதைத் தின்று உயிர் பிழைத்தோம்? ஈந்தங்காய் மாவில் அம்மா பிடித்த பிடிக் கொழுக்கட்டையைத்தானே. கருவாட்டுக் குழம்பில் போட்டு நான் மட்டும் பன்னிரண்டு தின்பேன். அது விஷமென்றால் நீங்களும் நானும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மனிதனுக்குச் சோறானது நாய்க்கு விஷமாகுமா?

இதில் இன்னொரு தமாஷ். இங்கே நான் தோட்டம் பார்க்கிற வெள்ளைக்கார மதாம்மா வீட்டுக் கூடத்திலும் இதே செடி இரண்டு இருக்கிறது. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. டாஃபி என்று ஒரு நாய், அதுதான் மகள். "பவி, இது டாஃபிக்கு ஒன்றும் செய்யாதே?" என்று அவரும் கேட்டார். "மேடம், எங்கள் ஊரில் இது சாப்பாடு" என்றேன். சிரித்துவிட்டு, மூன்றாவதாக ஒன்று வாங்கி வரச் சொன்னார். பழம் தின்று கொட்டை போட்டவன் சொல்கிறேன், தொட்டி அங்கேயே இருக்கட்டும்.

அளியன் அச்சுவேட்டனுக்கும் பாண்டனுக்கும் என் அன்பு.

தம்பி,
பவித்ரன்

---

கூத்துப்பறம்பு
20 ஏப்ரல் 1986

அன்புள்ள பவித்ரனுக்கு, ஏச்சி எழுதுவது. நலம். விஷு பண்டிகை நன்றாகக் கழிந்தது. உன் நலத்துக்கு எழுது.

உன் கடிதத்தை அச்சுவேட்டனுக்கு வாசித்துக் காட்டினேன். ஊசிக் கதைக்குக் கட்டில் குலுங்கச் சிரித்தார். இன்னொரு தடவை வாசி, இன்னொரு தடவை வாசி என்று மூன்று தரம் வாசிக்க வைத்தார். விஷுவுக்கு வந்த சகதேவன் மாஸ்டர் வீட்டாருக்கும் வாசித்தோம். அவர்களும் கல்ஃப் மகன் கட்டிய புது வீட்டு முகப்பில் இதையே இரண்டு தொட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டில் நாயும் உண்டு. "அப்பாடா, பவித்ரன் சொன்னா சரி" என்று போனார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன்.

நாணு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. "நான் படிச்சதைச் சொன்னேன் ஏச்சி, பிறகு உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அதிலிருந்து இந்த வழி வருவதில்லை. கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெயில் தாங்க முடியவில்லை. தொட்டிக்கு மத்தியானமும் தண்ணீர் விடுகிறேன். அந்த ஈர மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு பாண்டன் தூங்குகிறான்.

இளநீர் கிடைத்தால் குடி.

ரோகிணி ஏச்சி

---

மஸ்கட்
8 மே 1986

பிரியமுள்ள ஏச்சிக்கு, பவித்ரன் வணக்கம். இங்கே இளநீரா? டப்பாவில் அடைத்து வருகிறது. அச்சுவேட்டன் அதைக் குடித்தால் டப்பாவைச் செய்தவனைத் தேடி அடிப்பார்.

நாணுவின் கோபத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்த லீவில் ஒரு டார்ச் லைட் கொண்டுவந்து கொடுத்தால் சரியாகிவிடும்.

மதாம்மா ஜூலையில் ஊருக்குப் போகிறார். வீடும் டாஃபியும் என் பொறுப்பு. டிரைவர், சமையல்காரன் எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "பவி, உன்னிடம் விட்டால் எனக்குத் தூக்கம் வரும்." பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை ஏச்சி.

பாண்டன் என்ன செய்கிறான்? அளியன் அவனோடு பேசுவதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். படிக்க ஆசை.

பவித்ரன்

---

கூத்துப்பறம்பு
19 ஜூன் 1986

அன்புள்ள பவித்ரனுக்கு, ஏச்சி எழுதுவது. எழுதத் தாமதமாகிவிட்டது. ஒன்றும் நினைக்காதே. நலம்தான்.

மழை பிடித்துவிட்டது. கிணறு கைக்கு எட்டுகிறது. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். சகதேவன் மாஸ்டரின் மகளுக்கு எடக்காட்டில் சம்பந்தம் முடிந்தது. பலாப்பழம் இந்த வருடம் அதிகம், தின்ன ஆளில்லை. தொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டேன், மழைத் தண்ணீர் படட்டும் என்று.

அச்சுவேட்டனுக்குக் கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை. மழைக்காலம் அப்படித்தான். பேச்சும் குறைவு.

நீ உன் வேலையைக் கவனமாகச் செய். வேறு விசேஷம் இல்லை.

ரோகிணி

---

மஸ்கட்
4 ஜூலை 1986

பிரியமுள்ள ஏச்சிக்கு, பவித்ரன் வணக்கம். நான் சுகம். உங்கள் கடிதம் வந்தது. பலாப்பழம் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், பாண்டனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனுக்குச் சுகம்தானே? அளியன் பேச்சைக் குறைத்தார் என்பதையும் நம்ப முடியவில்லை. இரண்டு பேரும் சண்டையா?

மதாம்மா பத்தாம் தேதி கிளம்புகிறார். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புவார். தபால் பெட்டியின் சாவி அவரோடு போகிறது. அதுவரை உங்கள் கடிதம் பெட்டியில்தான் கிடக்கும். நான் எழுதுவதற்குத் தடையில்லை.

கூடத்துச் செடிகளின் அடியில் வெங்காயம் மாதிரி பக்கக் கன்றுகள் விட்டிருக்கின்றன. மதாம்மா வருவதற்குள் அதையெல்லாம் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் நட்டு, வரிசையாக வைத்துக் காட்டப் போகிறேன். டாஃபிக்கு அந்தக் கன்றுகள் மேல் ஒரு கண். நேற்று ஒன்றைப் பந்து என்று நினைத்துக் கவ்விக்கொண்டு வீடெல்லாம் ஓடியது. பிடுங்கி வாங்கினேன். தின்றாலும் என்ன, பிடி பிடிக்கிற மாவுதானே என்று சிரித்துக்கொண்டேன்.

அம்மாவின் ஞாபகம் வந்தது.

பவித்ரன்

---

கூத்துப்பறம்பு
17 ஜூலை 1986

பவித்ரா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்தச் செடியை வீட்டை விட்டு எடு. கன்று, ஓலை, மண், எல்லாவற்றையும். டாஃபியின் வாயில் அதில் ஒரு துணுக்கும் படக்கூடாது. தின்றிருந்தால் அந்த நிமிஷமே டாக்டரிடம் கொண்டுபோய், இன்ன செடியைத் தின்றது என்று சொல்.

பாண்டன் மே இருபத்து நாலாம் தேதி செத்துப்போனான்.

தொட்டி மண்ணைத் தோண்டி அடித்தண்டைக் கடித்திருக்கிறான். அன்று மாலையே வாந்தி. நாணுவைக் கூப்பிட எனக்கு முகமில்லை. விஷுவன்று அவரைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தது நான்தானே. மூன்றாம் நாள் பாண்டனின் கண் மஞ்சளாகிவிட்டது. அப்புறம்தான் ஓடினேன். அவர் ஒரு வார்த்தை குத்திச் சொல்லாமல் வந்தார். பார்த்துவிட்டு, "முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே ஏச்சி" என்று மட்டும் சொன்னார். இன்னும் இரண்டு நாள் கிடந்தான்.

அச்சுவேட்டனிடமும் ஊராரிடமும் பாம்பு கடித்தது என்று சொன்னேன். முத்தப்பன் தன் ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டான், தன்னைக் கைவிட்டான் என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். உனக்கு எழுதாதது, நீ சொன்னதால்தான் இப்படி ஆனது என்று நீ அங்கே தனியாக உட்கார்ந்து உருகுவாய் என்றுதான். அந்த மதாம்மா வீட்டிலும் இதே செடி இருக்கிறது என்று நீ எழுதியது எனக்கு மறந்தா போனது? மறக்கவில்லை. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஈந்தங்காயை வெட்டிக் காயவைத்து, ஊறப்போட்டு, ஏழு தரம் தண்ணீர் மாற்றுவாள் அம்மா. அந்தத் தண்ணீரைக் கொட்டுவது என் வேலை. கோழி குடிக்காத இடமாகப் பார்த்துக் கொட்டு, இல்லாவிட்டால் காலையில் ஒன்றும் மிஞ்சாது என்பாள். நீ பிடியைத் தின்றவன். உனக்கு எப்படித் தெரியும்? தண்ணீரைக் கொட்டிய எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னைக் கேட்டேன். நீ பரவாயில்லை என்று சொல்ல வேண்டும், அந்த ஓலை அவர் ஜன்னலில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்டேன்.

இந்தக் கடிதமும் பெட்டியில் கிடக்கும் என்று எழுதியிருக்கிறாய். தந்தி கொடுக்கப் போனேன். அதுவும் பெட்டி நம்பருக்குத்தான் போகுமாம். அந்த வீட்டுப் போன் நம்பரை நான் ஒருநாளும் கேட்டு வைத்ததில்லை. ஆனாலும் தந்தியும் கொடுத்துவிட்டு, இதையும் போடுகிறேன்.

ரோகிணி

---

மஸ்கட்
5 ஆகஸ்ட் 1986

பிரியமுள்ள ஏச்சிக்கு, பவித்ரன் வணக்கம். நான் சுகம், உங்கள் கடிதம் இல்லாத குறைதான்.

டாஃபிக்கு நாலு நாளாகச் சுகமில்லை. முதல் தேதி மத்தியானம் கன்றுகளைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, தொட்டி கழுவப் போனேன். திரும்பி வந்தால் இரண்டைக் காணோம், டாஃபி நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. நன்றாகத் திட்டினேன். அன்று மாலையிலிருந்து வாந்தி. வெயில் சூடு என்று நினைத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை.

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டார். "விஷம் ஏதாவது தின்றதா?" என்று இரண்டு தரம் கேட்டார். "இல்லை சார், பூச்சி மருந்து, உரம் எல்லாம் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது" என்று எடுத்தே காட்டினேன். கவனமான ஆள் என்று சொன்னார்.

பாண்டனுக்கு வயிறு சரியில்லாதபோது நீங்கள் ஏதோ கஷாயம் கொடுப்பீர்களே, அது என்ன? நாணுவையும் கேட்டுப் பாருங்கள், நான் கேட்டதாகவே சொல்லலாம். பதில் எனக்குக் கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருக்கிறது. அதன் கண் மஞ்சளாக இருக்கிறது ஏச்சி.

பவித்ரன்

---

மஸ்கட்
2 செப்டம்பர் 1986

ஏச்சிக்கு,

டாஃபி ஆகஸ்ட் ஏழாம் தேதி செத்தது. என் மடியில்தான்.

மதாம்மா இருபத்தெட்டாம் தேதி வந்தார். மறுநாள் தபாலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். உங்கள் தந்தியும் கடிதமும் சேர்ந்தே இருந்தன. தந்தி ஜூலை பத்தொன்பதாம் தேதியே வந்து பெட்டியில் கிடந்திருக்கிறது. நான் கன்றுகளைப் பிரித்தது ஆகஸ்ட் முதல் தேதி.

ஆனால் நான் கணக்கிடுவது அந்த நாட்களை அல்ல. பாண்டன் செத்தது மே மாதம். ஜூன் பத்தொன்பதில் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஒழுகுகிற கூரை இருக்கிறது, மாஸ்டர் மகள் சம்பந்தம் இருக்கிறது. அந்தக் கடிதம் வந்தபோது சாவி இங்கேதான் இருந்தது. நான் உருகுவேன் என்று பயந்தீர்களா? உருகியிருப்பேன். இரண்டு நாள் சோறு தின்றிருக்க மாட்டேன். அதோடு போயிருக்கும். எனக்கு வலிக்கக் கூடாது என்று நீங்கள் பொத்திவைத்தது இங்கே வந்து வேறொருத்தி குலையை அறுத்துவிட்டது.

மதாம்மா என்னைத் திட்டவில்லை. "உனக்குத் தெரியாதே பவி, உனக்குத் தெரியாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நானும் உங்கள் தம்பிதானே. அவர் ஊருக்கே திரும்பிப் போகிறாராம், இங்கே இருக்க இனி அவருக்கு ஒன்றுமில்லையாம். எனக்கு நல்ல சர்டிபிகேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நம்பிக்கையான ஆள் என்று.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம். வேறு இடம் கிடைத்தால் விலாசம் அனுப்புகிறேன்.

பவித்ரன்

---

கூத்துப்பறம்பு
21 செப்டம்பர் 1986

அன்புள்ள பவித்ரனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி. நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எனக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை.

திருவோணத்தன்று அச்சுவேட்டனிடம் உண்மையைச் சொன்னேன். பாம்பு இல்லை, தொட்டிதான், நான்தான் என்றேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப முத்தப்பன் என்னைக் கைவிடல" என்றார். இல்லை என்றேன். "நாலு மாசம் நான் அவரைத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?" என்றார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. என் கையால் கஞ்சி வாங்குவதில்லை. நாணு காலையும் மாலையும் வந்து ஊட்டிவிட்டுப் போகிறார்.

இங்கே புது வீடுகளின் முகப்பிலெல்லாம் இந்தத் தொட்டி இருக்கிறது. மாஸ்டர் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போனேன். "ஈந்து விஷமா? நாம தின்னு வளந்ததுதானே ரோகிணியேச்சி!" என்று சிரிக்கிறார்கள். பாண்டன் செத்ததைச் சொன்னால், "பாம்புன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறார்கள். "செடி வளக்கறவன் பவித்ரன். அவன் எழுதினதை நீங்களே வாசிச்சுக் காட்டினீங்களே" என்கிறார்கள். நாணு சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர் பேச்சை மதிப்பில்லாமல் ஆக்கியதும் நம் வீட்டில்தான் நடந்தது.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. நான் சொன்னது தவறு, அந்தச் செடி நாய்க்கு விஷம் என்று உன் கையால். என்னை நம்பாதவர்கள் உன்னை நம்புவார்கள். எனக்காக வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

ரோகிணி

---

கூத்துப்பறம்பு
30 நவம்பர் 1986

அன்புள்ள தம்பி பவித்ரனுக்கு, ஏச்சி எழுதுவது.

இந்தக் கடிதம் உன்னை எங்கே தேடிப் பிடிக்குமோ தெரியாது. பழைய பெட்டி நம்பருக்கே போடுகிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராதது சரிதான்.

போன மாதம் மாஸ்டர் வீட்டு நாய் வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சள். பிறகு என்ன ஆனது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதும் அவர்கள் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டார்களே தவிர, தொட்டியை நகர்த்தவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். உன் பழைய கடிதத்தின் உறை ஒன்று என்னிடம் இருந்தது. உள்ளே வைக்க ஒரு கடிதத்தை நானே எழுதினேன். எழுத்தை உன்னைப் போலச் சாய்த்து எழுதினேன், கடைசியில் உன் கையெழுத்தைப் போட்டேன். "ஏச்சி, விஷயம் தெரியாமல் பெரிய மனுஷனாட்டம் எழுதிவிட்டேன். அந்தச் செடியால் பாண்டன் செத்தான், இங்கே என் பொறுப்பில் விட்ட நாயும் செத்தது. தப்பு என்னுடையது. நாணு சொன்னதே சரி. எல்லா வீட்டிலும் சொல்லுங்கள்." இவ்வளவுதான். தப்பை உன் தலையில் வைத்து எழுதினேன். அப்படி எழுதினால்தான் நம்புவார்கள்.

மாஸ்டர் வீட்டு முகப்பில் நின்று வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஆறு வீட்டுத் தொட்டிகளைப் பிடுங்கிப் புதைத்தார்கள். நாணுவை மாஸ்டரே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

நேற்று நாணு அச்சுவேட்டனிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். வாசி என்றார். கட்டிலருகே நின்று முழுவதும் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அவனாவது மறைக்காம எழுதினானே" என்றார். "கடல் கடந்து கிடக்கிறவனுக்கு இருக்கிற நேர்மை, கூடவே கிடந்த உனக்கு இல்லையே ரோகிணி" என்றார். கடிதத்தைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதை எழுதியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மாஸ்டர் வீட்டுக்கும் போகும், மறுநாள் தொட்டிகள் திரும்பி வரும். அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நீ ஊருக்கு வந்தால் எல்லோரும் உன்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். காரணம் தெரியாமல் முழிக்காதே என்பதற்காக இதை எழுதுகிறேன். யாராவது அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டால், நீயே எழுதியதாகச் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஏச்சி,
ரோகிணி